லுபீனுக்குத் தலை முறிச்ச வைகாசி

என்ரை ஷெஃப் துவக்கோடை வந்து நிண்ட அண்டைக்கு நான் முள்ளங்கிப் பாத்தியிலை குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தன். முதலிலை சப்பாத்துத்தான் தெரிஞ்சது. கறுத்தச் சப்பாத்து, மொத்த அடி. அதுக்கு மேலை சாம்பல் பச்சையிலை காற்சட்டை. அதுக்கும் மேலை பாக்க எனக்குத் துணிவு வரேல்லை. பாத்தால் தோளிலை துவக்கு, துவக்குக்குப் பக்கத்திலை ஷெஃப்பின்ரை முகம், சிரிச்சுக்கொண்டு நிக்குது. ஐயோ, எனக்கு உயிர் போய்த்தான் வந்துது.

எண்பதுகளிலை நடந்த கதை. சுவிஸிலை வில் எண்ட நகரத்துக்கு வெளியிலை ஒரு நாற்றுத்தோட்டத்திலை எனக்கு வேலை. முதலாளியை இங்கை ஷெஃப் எண்டுதான் கூப்பிடுறது. அவருக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது இருக்கும். தகப்பன் விட்டுப்போன தோட்டத்தைத் தனியாளா நடத்திக்கொண்டிருந்தவர். நான் யாழ்ப்பாணத்திலை ஆமிக்குப் பயந்து ஓடி வந்தவன். அதுக்கு முந்தின வருச இலையுதிர் காலத்திலை அவரிட்டைச் சேர்ந்து, பனிக்காலம் முழுக்க அவற்றை குசினியிலை இருந்து மத்தியானச் சூப் குடிச்சவன். எனக்குப் பக்கத்திலை ஒரு உயர அலுமாரி நிண்டது. அதுக்குள்ளைதான் அந்தத் துவக்கு இவ்வளவு நாளும் இருந்ததாம். இந்த நாட்டிலை ஆம்பிளையள் எல்லாரும் வருசா வருசம் கொஞ்ச நாள் ஆமிக்குப் போய் வரவேணும், துவக்கை வீட்டிலை வைச்சிருக்கவேணும் எண்டு ஒரு குருவியும் எனக்குச் சொல்லேல்லை. ஆறு மாசம்! துவக்குக்குப் பக்கத்திலை இருந்து பாணைத் தோய்ச்சுத் தோய்ச்சுத் திண்டிருக்கிறன்.

அண்டைக்கு அவர் மூண்டு கிழமைக்குப் போறார். போக முன்னம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் லுபீன் எண்டு ஒரு செடி நிண்ட பாத்தியடியிலை நிப்பாட்டினார். அந்தப் பாத்திதான் அவற்றை உயிர். தோட்டத்திலை ஆயிரம் செடி விக்கிறதுக்கு நிண்டாலும் அந்தப் பாத்தியிலை நிண்ட பதினொரு செடியும் விக்கிறதுக்கில்லை.

அதின்ரை கதையைச் சொல்லவேணும். அவற்றை தமக்கை அமெரிக்காவிலை கலியாணம் முடிச்சு இருந்தவ. அங்கை காட்டோரமாத் தன்பாட்டிலை முளைக்கிற லுபீனாம், அந்த மண்ணுக்கே உரிய சாதி, வெட்டினாலும் பனி மூடினாலும் வேரிலை இருந்து வருசா வருசம் திரும்பி வரும். அதின்ரை விதையைக் காயிதத்துக்குள்ளை வைச்சு அனுப்பியிருக்கிறா. எங்கடை தோட்டத்து மண் சுண்ணாம்பு மண். முதல் அனுப்பினது முளைக்கேல்லை, இரண்டாந்தரம் முளைச்சது மஞ்சளாகிச் செத்துப்போச்சு. மூண்டாந்தரம் மனிசன் விடேல்லை. பாத்தியை நெஞ்சளவு ஆழத்துக்குத் தோண்டி, பழைய மண்ணை அள்ளி எறிஞ்சுபோட்டு, ஆத்து மணலும் பைன் காட்டு மண்ணும் கொண்டுவந்து நிரப்பினாராம். அதுக்குள்ளைதான் பதினொரு செடி தப்பினது. ஆனியிலை தமக்கை வாறா. பன்னிரண்டு வருசத்துக்குப் பிறகு வாறா. அவவுக்கு இதைக் காட்டவேணும்.

நான் சேர்ந்தபோது செடி அடியோடை பட்டுக் கிடந்தது, மண்ணிலை பதினொரு தடி மட்டும் அடையாளத்துக்கு. பங்குனியிலை முளை வந்துது. புது விதையும் போட்டம். அதுக்கு அவர் செய்த வேலையைப் பாத்து நான் வாயைப் பிளந்தன். ஒவ்வொரு விதையையும் விரலிலை பிடிச்சு, மரம் தேய்க்கிற மண்கடுதாசியிலை உரஞ்சி, தோல் கொஞ்சம் கீறுப்பட்ட பிறகு ஒரு இரவு தண்ணியிலை ஊறவிட்டு, ஒரு முழம் நீளக் கடுதாசிக் குழாயிலை போட்டார். வேர் நேர கீழை போகுமாம், முறிஞ்சால் செடி போச்சாம். சரி, அதையாவது விளங்கலாம். பசளை போடக்கூடாதாம்! நான் ஒரு கூடை மாட்டெருவைப் பாத்தியடிக்குக் கொண்டு போக, மனிசன் ஓடி வந்து மறிச்சார். தண்ணியும் ஆசைக்கு விடேலாது. எரு இல்லை, தண்ணி இல்லை, வெறும் மணலிலை பட்டினி போட்டு ஒரு பயிரை வளர்க்கிறதோ? எங்கடை அப்பு புகையிலைத் தோட்டம் செய்தவர், அவர் கண்டால் இந்தாளை விசர் ஆசுப்பத்திரிக்கு ஏத்தியிருப்பார்.

இதிலை ஒரு பிழை நடந்துபோச்சு. அது பூக்கண்டு எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. அவருக்கு அது சொல்லத் தேவையில்லாத விசயம். மழை விட்டால் என்னைக் கூப்பிட்டு இலையைத்தான் காட்டுவார். விரிச்ச கை மாதிரி இலை, நடுவிலை ஒரு சொட்டுத் தண்ணி உருண்டு நிக்கும். "பார், பார்" எண்டுவார். பக்கத்துப் பாத்தி முழுக்க மிந்தும் சேஜும், தேத்தண்ணிக்குக் காய வைச்சு விக்கிற இலையள். நானும் என்ரை மூளையைப் பாவிச்சு ஒரு முடிவுக்கு வந்தன்: இது தமக்கைக்கு ஏதோ மருந்து இலை.

துவக்கோடை நிண்டு அவர் கனக்கக் கதைச்சார். பாத்தியைக் காட்டினார், வானத்தைக் காட்டினார், விரலை மடிச்சு எண்ணினார். நான் எல்லாத்துக்கும் தலையாட்டினன். சத்தியமா ஒரு சொல்லும் என்ரை காதுக்குள்ளை போகேல்லை, கண் முழுக்க அந்தத் துவக்கு வாரிலைதான். ஒண்டு மட்டும் விளங்கிச்சுது, ஏனெண்டால் அதுதான் எனக்கு வேணும்: "திரும்பி வந்த உடனை உனக்குப் பேப்பர் எழுதுறன்." கோடையோடை நான் இங்கை இருந்து வேலை செய்யிற பெர்மிற் முடியுது. 'இவர் எனக்குக் கட்டாயம் வேணும்' எண்டு வேலை குடுக்கிறவர் எழுதினால்தான் அடுத்த வருசத்துக்கும் இந்த வேலையைப் பற்றி யோசிக்கலாம். இல்லாட்டி வேலையும் இல்லை, ஆளையும் எங்கை அனுப்புவாங்களோ தெரியாது. அந்தப் பேப்பருக்காகத்தான் நான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன்.

பிறகு அவர் சைக்கிளிலை ஏறி, முதுகிலை துவக்கைப் போட்டுக்கொண்டு ஸ்டேசனுக்கு மிதிச்சார். ஒரு கிழவி அவருக்குக் கை காட்டினா. சின்னப் பிள்ளையள் ஒதுங்கக்கூட இல்லை. ஒருத்தரும் கதவைச் சாத்தேல்லை. நான் வாசலிலை நிண்டு பாத்துப் பாத்துத் திகைச்சுப்போனன்.

அஞ்சாம் நாள் விடிய லுபீன் பாத்திக்குப் போறன், செடியெல்லாம் நடுவாலை முகை தள்ளியிருக்கு. பச்சையா, கூரா, பாக்கக் கோவம் வாற முகை. புகையிலைக்காரன்ரை பிள்ளைக்கு இதைப் பாத்துக்கொண்டு சும்மா நிக்கேலுமோ? பூ வர விட்டால் இலை சீத்தை, சாரமெல்லாம் மேலை போயிடும். முகை கண்ட அண்டைக்கே தலையை முறிக்கவேணும், முறிச்சால்தான் இலை தடிக்கும். பத்து வயசிலை இருந்து செய்த வேலை. பெருவிரலும் சுட்டுவிரலும் தாங்களே போய் ஒடிச்சுக்கொண்டு வந்துது. பதினொண்டையும் முறிச்சு முடிய, விரலிலை இருந்த பச்சையைக் காற்சட்டையிலை துடைச்சுக்கொண்டு ஒரு பாட்டும் முணுமுணுத்தன் எண்டு நினைவு.

அதோடை விட்டனோ? தலை முறிச்சால் கக்கத்துக்குள்ளாலை பக்கத்தளிர் வரும். அதையும் நாலு நாளைக்கு ஒருக்கா ஒடிச்சன். விக்கிற இடத்தைப் பாக்க ஒரு மனிசி காலமையிலை வந்து போவா, அவ தோட்டத்துக்குள்ளை கால் வைக்கமாட்டா. கேக்க ஆளில்லை. இலையெல்லாம் நல்லாக் கறுத்துத் தடிச்சு வந்துது. ஷெஃப் வந்து பாத்தால் முதுகிலை தட்டிப்போட்டு அந்த இடத்திலையே பேப்பரை எழுதுவார் எண்டு நான் ஆகாசத்திலை பறந்தன். என்னோடை ஒரே அறையிலை இருந்த அண்ணையிட்டையும் பீத்தினன். அவர் ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை கிளாக்கர், இங்கை தொழிற்சாலையிலை வேலை. மண்வெட்டியின்ரை எந்தப் பக்கம் பிடி எண்டு தெரியாத மனிசன். "கெட்டிக்காரனடாப்பா நீ" எண்டார்.

மூண்டாங் கிழமை ஞாயிற்றுக்கிழமை நானும் அண்ணையும் ஊருக்குள்ளை நடந்துபோனம். ஒரு வீட்டு வேலியோரம் அண்ணை நிண்டிட்டார். "இஞ்சை பாரடா, என்ன வடிவான பூ." உண்மையிலை வடிவுதான். இடுப்பளவு உயரத்துக்குக் கதிர் கதிராச் சிவப்பு, ஊதா, வெள்ளை. மண்வெட்டி தெரியாத மனிசன் பூப் பாக்குது எண்டு எனக்குச் சிரிப்பு வந்துது. பிறகு இலையைப் பாத்தன்.

இலை அதே இலை. விரிச்ச கை. நடுவிலை ஒரு சொட்டு மழைத்தண்ணி.

குனிஞ்சு தண்டைப் பாத்தன், இலைக் கக்கத்தைப் பாத்தன், கீழை விரியாத ஒரு முகை நிண்டது, அதையும் பாத்தன். நான் முறிச்ச அதே முகை.

"அண்ணை, நான் துலைஞ்சன்."

"ஏன், என்ன நடந்தது?"

"நான் தலை முறிச்ச கண்டு இதுதான் அண்ணை. இது பூக்கண்டு."

அவருக்குக் கொஞ்ச நேரம் விளங்கேல்லை. விளங்கின உடனை தலையிலை கையை வைச்சார். "அட பாவி! பூக்கண்டுக்கோ தலை முறிச்சனி? அறுவானே, அந்த மனிசன் வந்து உன்ரை தலையை முறிக்கப்போறான்!" பிறகு என்ரை முகத்தைப் பாத்திட்டுக் குரலைக் குறைச்சார். "சரி, அழாதை. மான் வந்து திண்டிட்டுது எண்டு சொல்லு. இங்கை காட்டு மான் கனக்க இருக்கு." மானுக்கு ஜெர்மன் சொல் 'ரே' எண்டும் சொல்லித் தந்தார். வீட்டை வரும் வழியெல்லாம் நான் ரே, ரே எண்டு மனப்பாடம் பண்ணினன். பேப்பர் போச்சு எண்டு மனசுக்குத் தெரியும். எண்டாலும் வாய் ரே, ரே எண்டு கொண்டே வந்துது.

சனிக்கிழமை அவர் வந்தார். சைக்கிளை மதிலிலை சாத்திப்போட்டு, வீட்டுக்குள்ளை கூடப் போகாமல், அதே உடுப்போடை, அதே துவக்கோடை நேர பாத்திக்குத்தான் வந்தார். நான் அங்கைதான் நிண்டன், ஓட வழியில்லை. பாத்தியைப் பாத்தார். குனிஞ்சு ஒரு செடியை விலக்கிப் பாத்தார், அடுத்ததைப் பாத்தார். ஒவ்வொண்டிலையும் நகத்தாலை வெட்டின அடையாளம் காய்ஞ்சு கிடக்கு. மான் கதை அந்த இடத்திலையே செத்துப்போச்சு. அவற்றை முகம் வெளிறி, பிறகு சிவந்துது. ஏதோ பலமாக் கத்தினார், கத்திக்கொண்டு சடாரெண்டு என்ரை பக்கம் திரும்பினார். திரும்பின வேகத்திலை தோளிலை இருந்து வார் வழுக்கித் துவக்கு அவற்றை கைக்கு வந்துது.

நான் முழங்காலிலை இருந்தன். கை ரெண்டும் தலைக்கு மேலை நிண்டுது.

யோசிச்சுச் செய்யேல்லை. விரல் தானாப் போய் முகையை முறிச்ச மாதிரி, கையும் தானா மேலை போயிட்டுது. ஊரிலை றோட்டு வழிய ஆமி மறிக்கேக்கை எத்தினை தரம் செய்த வேலை. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தன். சத்தம் ஒண்டும் வரேல்லை. கனநேரம் வரேல்லை.

கண்ணைத் திறந்தால், அவர் என்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். அப்பிடி ஒரு முகத்தை நான் அதுக்கு முன்னமும் காணேல்லை, பிறகும் காணேல்லை. என்னை விட அவர்தான் பயந்துபோனார். முதலிலை கையிலை இருந்த துவக்கைப் பாத்தார், பிறகு தன்ரை உடுப்பைக் குனிஞ்சு பாத்தார், இப்பத்தான் அதைப் போட்டிருக்கிறது தெரிஞ்ச ஆள் மாதிரி. மெல்லத் துவக்கை நடைபாதை மணலிலை வைச்சார். ரெண்டு அடி பின்னுக்குப் போனார். தொப்பியைக் கழட்டினார், மேல்சட்டையைக் கழட்டி எறிஞ்சார். அந்தக் குளிர்காத்திலை வெறும் பெனியனோடை எனக்கு முன்னாலை மண்ணிலை குந்தி, ஆறுதலா, எனக்கு விளங்கிற மாதிரி ஒரு சொல் சொன்னார். "நான்தான்." பிறகும் சொன்னார், "நான்தான், நான்தான்."

எனக்குக் கையை இறக்கத் தெரியேல்லை. அவர்தான் கிட்ட வந்து மணிக்கட்டிலை பிடிச்சு ஒவ்வொண்டா இறக்கிவிட்டார். பிறகு உள்ளை போய் நீல வேலையுடுப்போடை வந்து, துவக்கைச் சாக்கிலை சுத்திக் கொண்டுபோனார். அண்டைக்கு என்னை வேளைக்கு வீட்டை அனுப்பிவிட்டார். நான் அறைக்கு வந்து போர்வையாலை தலையை மூடிக்கொண்டு கிடந்தன். வெக்கம், பயம், பேப்பர் போன துக்கம், எல்லாம் ஒண்டா வந்து அமுக்கிச்சுது.

திங்கக்கிழமை கேட்டார், "ஆர் செய்தது?" நாக்கு நுனியிலை ரே நிண்டுது. "நான்" எண்டன். ஏன் செய்தனான் எண்டு விரலாலை நடிச்சுக் காட்டினன்: முகை வந்தால் ஒடிக்கிறது, இலை தடிக்கிறது, இலையைச் சுருட்டிப் புகை விடுறது. அவர் வாயைத் திறந்தபடி பாத்தார். பிறகு துவங்கினார் பாருங்கோ ஏச்சு! காலமை தேத்தண்ணி வரைக்கும் ஏச்சு, அதுக்குப் பிறகும் ஏச்சு, கண்ணாடி வீட்டுக்குள்ளை போய் ஏச்சு, வெளியிலை வந்து ஏச்சு. சுவிஸ் ஜெர்மனிலை, பாதி எனக்கு விளங்கேல்லை, நான் எல்லாத்துக்கும் தலையாட்டினன். சொன்னால் நம்பமாட்டியள், அந்த ஏச்சு எனக்கு ஆறுதலா இருந்துது. நீலக் காற்சட்டை போட்ட மனிசன், முழங்காலிலை மண் ஒட்டின மனிசன், என்னோடை சரிக்குச் சரி நிண்டு கத்துறார்.

ஆனியிலை தமக்கை வந்தா. ஷெஃப் அவவைப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், வெறும் இலை. என்ன சொன்னாரோ தெரியாது, என்ரை பக்கம் கை நீட்டேல்லை. எனக்குப் பொறுக்கேலாமல் போச்சு. மனிசிக்கு இங்கிலிஷ் தெரியும், எனக்கும் பள்ளிக்கூடத்து இங்கிலிஷ் கொஞ்சம் கிடந்தது. அடுத்த நாள் அவ தனிய நிக்கேக்கை போய் எல்லாத்தையும் கொட்டினன். புகையிலை, முகை, துவக்கு, கை தூக்கினது, ஒண்டும் ஒளிக்கேல்லை. "உங்களுக்குக் காட்ட வைச்சிருந்த பூவை நான்தான் அழிச்சனான். அவர் இனி எனக்குப் பேப்பர் தரமாட்டார், அது நியாயம்தான்" எண்டன்.

அவ என்னை ஒரு மாதிரிப் பாத்தா. "எந்தப் பேப்பர்?"

"வேலைப் பேப்பர். ஆமியாலை வந்து எழுதுறன் எண்டவர்."

"அதை அவன் வந்த திங்கக்கிழமையே எழுதித் தபாலிலை போட்டிட்டானே. உனக்குச் சொன்னதாவும் நீ தலையாட்டினதாவும் அல்லோ சொன்னவன்."

திங்கக்கிழமை! அந்த ஏச்சுக்கு நடுவிலை அவர் அதையும் சொல்லியிருக்கிறார், நான் அதுக்கும் தலையாட்டியிருக்கிறன். மூண்டு கிழமையாச் சோறு இறங்காமல், நித்திரை வராமல், பெட்டியைக் கட்டுவமோ எண்டு யோசிச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறன். அவர் பூ இல்லாத பாத்தியைப் பாத்த கையோடை எனக்கு எழுதியிருக்கிறார். அவவுக்கு முன்னாலை நிண்டு விக்கி விக்கி அழுதன், வெக்கம் பாக்கேல்லை.

நான் ஒடிக்கிறதை விட்ட பிறகு பக்கத்தளிர் வந்துதான் இருந்தது. அவ திரும்பிப் போறதுக்கு முதல் நாள் வேலிக்கரைச் செடியிலை ஒண்டு விரிஞ்சுது. என்ரை சின்னிவிரல் நீளம்தான், நீலம். அவவும் ஷெஃப்பும் நானும் அதைச் சுத்திக் குந்தியிருந்து பாத்தம். அவ சிரிச்சா. தங்கடை ஊரிலை ரெயில் பாதை வழிய இது பரவிக் கிடக்குமாம், ஒருத்தரும் திரும்பிப் பாக்கிறேல்லையாம்.

பெர்மிற் வந்துது. அடுத்த வைகாசியிலையும் ஷெஃப்புக்கு ஆமிக் கடிதம் வந்துது. போற அண்டைக்கு நான் வரமுன்னமே வெளிக்கிட்டுப் போயிட்டார், குசினி மேசையிலை ஒரு கடுதாசி மட்டும் வைச்சிருந்தார். பூ கீறி, அதுக்குப் பக்கத்திலை ஒரு கை கீறி, கைக்கு மேலை குறுக்கும் மறுக்குமாப் பெரிய புள்ளடி போட்டிருந்தார். நான் தனிய நிண்டு சிரிச்சன். மூண்டு கிழமையும் அந்தப் பாத்தியிலை நத்தை பொறுக்கினதைத் தவிர ஒண்டிலையும் கை வைக்கேல்லை. பதினொரு செடியும் முழங்கால் உயரத்துக்கு நீலமாப் பூத்து நிண்டுது.

அவர் வாற நேரத்துக்குப் போன வருசத்துத் துவக்கை நினைச்சுக்கொண்டு பாத்தியடியிலை நிண்டு ஸ்டேசன் றோட்டைப் பாத்துக்கொண்டிருந்தன். வந்தார். சைக்கிளிலை இல்லை, நடந்து. நீல வேலைக் காற்சட்டை, பழைய சேட். ஸ்டேசனடியிலை ஒரு கூட்டாளி வீட்டிலை ஆமி உடுப்பை மாத்தி, அதையும் துவக்கையும் அங்கையே வைச்சிட்டு வந்தவர் எண்டு பிறகுதான் எனக்குத் தெரியும். என்னைக் கண்ட உடனை றோட்டிலை வைச்சே ரெண்டு கையையும் உடம்பிலை இருந்து அகட்டி, உள்ளங்கை தெரிய விரிச்சுப் பிடிச்சார். வெறுங்கை. அப்பிடியே பிடிச்சுக்கொண்டுதான் கேற்றைத் தாண்டி, கண்ணாடி வீட்டைத் தாண்டி, பாத்தி மட்டும் நடந்து வந்தார். பூவைப் பிறகுதான் பாத்தார்.